நீலிக்கு ஒரு நீதி, சீமைத் தேவதைக்கு ஒரு நீதியா?

அயர்லாந்து நாட்டுக் குட்டித் தேவதைகள் நம் வீடுகளுக்குள் குடிபுகுந்து வெகுநாளாயிற்று. ஒற்றைச் செருப்பை ஓயாமல் தைத்துக்கொண்டு, பொற்காசுக் குடத்தை எங்கோ ஒளித்து வைத்திருக்கும் லெப்ரகான் என்னும் குள்ளனை ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் நன்கறிவார்கள். சிறகு முளைத்த சிறுமியர் பூவிதழில் துயில்வதும், வட்டமாகக் கைகோத்து ஆடுவதும் வண்ணப் படங்களாக அச்சிடப்பட்டு வருகின்றன. கோட்டாற்றிலும் இடலாக்குடியிலும் தக்கலையிலும் வாழும் பெற்றோர் அவற்றை மகிழ்ச்சியோடு விலைகொடுத்து வாங்குகின்றனர். பிள்ளையின் கற்பனை வளரும், ஆங்கிலமும் வளரும் என்பது அவர்களின் எண்ணம். அதில் பிழையொன்றும் இல்லை.

ஆனால் அதே பிள்ளை, "கள்ளியங்காட்டு நீலி என்பவள் யார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டால் வீட்டில் என்ன நடக்கிறது? கல்லூரியில் படித்த வாப்பா, "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்கிறார். மார்க்கப்பற்று மிக்க பெரியப்பா, "அது நமக்கு ஆகாத பேச்சு" என்கிறார். கதை தெரிந்த உம்மும்மாவோ இருவருக்கும் அஞ்சி வாயை மூடிக்கொள்கிறார். சீமையிலிருந்து கப்பலேறி வந்தால் கற்பனை வளம். பார்வதிபுரத்துப் பக்கத்திலிருந்து நடந்து வந்தால் மூடநம்பிக்கை! இஃது என்ன நீதி?

இந்த அநீதியைக் கண்டிக்கவே இக்கட்டுரை. கதையைக் கொல்பவர்களைக் கண்டிக்கப் புகுந்த பின், கதையைக் கொண்டு மனிதரைக் கொல்பவர்களை விட்டுவிட முடியாது. ஆதலால் இரு சாராரிடமும் வழக்குரைக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சீமைத் தேவதைகளின் பூர்வீகத்தைச் சற்றுப் பார்ப்போம். அயர்லாந்தின் கெல்ட்டியப் பழங்கதைகளில் 'தூவா தே தானன்' என்றொரு கூட்டத்தார் வருகின்றனர். பிறகு வந்து குடியேறிய மனிதரிடம் போரில் தோற்று, நிலத்தின் மேற்பரப்பை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, இவர்கள் மண்மேடுகளுக்குள் புகுந்து வாழலாயினர் என்பது கதை. அம்மேட்டுக்கு அந்நாட்டு மொழியில் 'ஷீ' என்று பெயர். சாவு நிகழவிருக்கும் வீட்டருகே இரவில் ஓலமிடும் 'பான்ஷீ' என்பதற்கு 'மேட்டுப் பெண்' என்பதே பொருள். குதிரை வடிவெடுத்து வழிப்போக்கனைச் சுமந்தோடும் பூக்காவும், அண்டை நாடான ஸ்காட்லாந்தின் கரையில் கடல்நாயின் தோலைக் களைந்து பெண்ணாகும் ஸெல்க்கியும் இவர்களுக்கு உறவுமுறையே. இவர்களைப் பெயர் சொல்லி அழைக்க அஞ்சிய மக்கள், 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டனர். நாகத்துக்குக் கோயில் எடுத்து, ஊருக்கும் அப்பெயரையே சூட்டிய இந்நாட்டார், கொடிய நஞ்சுடைய பாம்பை 'நல்ல பாம்பு' என்று அழைப்பதும் அதே அச்சத்தின் வேலையன்றோ?

ஆக, சிறகு முளைத்த சிறுமியர் பின்னாளைய அச்சகத்தாரின் அலங்காரம். மூலக்கதையில் இருப்போர், தோற்றுப்போன ஒரு பழைய உலகத்தின் தெய்வங்கள். புதிய சமயம் வந்தபின் பீடமிழந்து, மேட்டிலும் முள்மரத்திலும் ஒதுங்கியவர்கள்.

இப்போது நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். மார்த்தாண்டத்துக்கு அருகேயுள்ள சிதறால் குன்றில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. தீர்த்தங்கரர்களோடு அவர்களின் காவல் தெய்வமாகிய இயக்கியும் அப்பாறையில் நிற்கிறாள். சமணம் மங்கிய பின் அவ்விடம் பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்களிலும் சமண உருவங்களை இன்றும் காணலாம். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குல முதியவள் மாதரி இயக்கிக்குப் பால் படைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் கவுந்தியடிகளைக் காண்கிறாள். கண்ணகி அவளிடம் அடைக்கலமாகிறாள். அந்த இயக்கியின் பெயரே மக்கள் வழக்கில் 'இசக்கி' என்றாயிற்று. குழந்தையை ஏந்திய அவள் உருவத்தில் சமண இயக்கியின் சாயலை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். திருநெல்வேலிச் சாலையில் முப்பந்தலில் இன்றும் அவளுக்குக் கோயில் உண்டு. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன.

பால் பெற்ற அத்தெய்வம், காலப்போக்கில் அச்சந்தரும் நீலியோடு ஒன்றாகிப் போனாள். பொருளாசை கொண்டு ஒருவன் ஒரு பெண்ணைக் காட்டில் கொல்கிறான். கண்ட சாட்சி எவருமில்லை. அருகே நின்ற கள்ளிச் செடியையே அவள் சாட்சியாக்கிச் சாகிறாள். மறுபிறவியில் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி வந்து, கொன்றவனைத் தன் கணவனென்று ஊர் மன்றத்தில் வழக்குரைத்துப் பழிதீர்க்கிறாள். இதுவே வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடப்படும் கதையின் சாரம். ஊருக்கு ஊர் விவரம் மாறும். கள்ளிச் சாட்சி மாறாது.

சிந்தித்துப் பாருங்கள். மேட்டுக்குள் ஒதுங்கிய அயர்லாந்துத் தெய்வத்துக்கும் கள்ளிக்காட்டில் ஒதுங்கிய நம் நாட்டு இயக்கிக்கும் வரலாற்றில் வேறுபாடு எங்கே இருக்கிறது? இரண்டும் பழைய சமயத்தின் எச்சங்கள். இரண்டும் ஏழை எளியோரின் நாவில் உயிர் பிழைத்தவை. வேறுபாடு கதையில் இல்லை, அதை எழுதிவைத்தவரின் கண்ணில்தான் இருக்கிறது. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814இல் பிறந்த கால்டுவெல் பாதிரியார், 1849இல் வெளியான தம் நூலில் திருநெல்வேலிச் சீமை மக்களின் வழிபாட்டைப் 'பேய் வணக்கம்' என்று எழுதினார். திராவிட மொழிகளுக்கு அவர் செய்த தொண்டை நாம் மறக்கவில்லை. ஆனால் அவர் பிறந்த நாட்டின் பான்ஷீயைக் கவிஞர் யேட்ஸ் 1888இல் நூலாகத் தொகுத்தபோது, உலகம் அதை 'நாட்டார் இலக்கியம்' என்று போற்றியது. அவர்களுடையது இலக்கியம், நம்முடையது பேய்! வெள்ளைக்காரர் போய்விட்டார்; அவர் விட்டுச்சென்ற தராசு மட்டும் நம் வீட்டு நடுக்கூடத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி, கதையை ஒழிக்க வேண்டும் என்போரிடம் வருவோம்.

"இக்கதைகள் ஈமானுக்குக் கேடு" என்பது அவர்களின் முதல் வாதம். அவர்களின் அச்சத்தை நான் இகழவில்லை. ஏகத்துவம் நமக்கு உயிர். அதில் கறை படியக்கூடாது. ஆனால் கதையை அறிவதும் கதையை வணங்குவதும் ஒன்றாகுமா? ஸ்காட்லாந்தில் ராபர்ட் கிர்க் என்ற கிறிஸ்தவப் பாதிரியார், தம் ஊரார் தேவதைகளைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம் 1691 வாக்கில் தொகுத்து எழுதினார். அதனால் அவர் பாதிரியாராக இல்லாமற் போய்விடவில்லை. நம் முன்னோரும் கதைக்கு அஞ்சியவர்கள் அல்லர். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572இல் தோன்றியது. அதைத் தொடர்ந்து மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத், படைப்போர் என்று தமிழுக்கே புதிய இலக்கிய வகைகளை வழங்கியது நம் சமுதாயம். சைத்தூன் கிஸ்ஸாவைக் கேட்டு வளர்ந்த பெண்மணிகளின் தொழுகை எதனால் குறைந்தது?

ஜின்களைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கிறது. ஜின் என்றொரு படைப்பு உண்டென்பது திருக்குர்ஆன் கூறும் செய்தி. 72ஆம் அத்தியாயமே அப்பெயரைத் தாங்கியிருக்கிறது. அதை நாம் விசுவாசிக்கிறோம். ஆனால் இன்ன புளியமரத்தில் இன்ன ஜின் இருந்தது, வெள்ளிக்கிழமை இரவில் அத்தர் வாசனையோடு வந்தது என்பது ஊரார் சொன்ன கதை. விசுவாசம் வேறு, கதை வேறு. இரண்டையும் பிரித்தறியும் பக்குவத்தைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டியது நம் கடமை. கற்பிக்கச் சோம்பல்பட்டுக் கதையையே புதைத்துவிடுவது கடமையிலிருந்து தப்பியோடுவதாகும்.

"படிப்பு வளர்ந்தால் இவையெல்லாம் தாமாக ஒழிந்துவிடும்" என்பது அடுத்த வாதம். இங்கிலாந்தில் 1917இல் காட்டிங்லி என்னும் ஊரில் இரண்டு சிறுமியர், தோட்டத்துத் தேவதைகளோடு எடுத்த புகைப்படங்கள் என்று சிலவற்றைக் காட்டினர். அவற்றை மெய்யென நம்பி 1920இல் பத்திரிகையில் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில்! மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். அட்டையில் வெட்டிய படங்களை ஊசியால் குத்தி வைத்தோம் என்று அச்சிறுமியர் ஒப்புக்கொண்டபோது ஆண்டு 1983. அவர்கள் மூதாட்டியராகி இருந்தனர். கதையைக் கதையென்று அறிந்து சொன்ன நம் உம்மும்மாவைவிட, கதையைப் புகைப்படச் சான்றாக எண்ணிய அந்தப் பட்டதாரி எவ்வகையில் அறிவாளி? கதை இருப்பதால் ஏமாற்றம் வருவதில்லை. கதையைச் செய்தியென்று எடுத்துக்கொள்வதால்தான் வருகிறது.

அந்த ஏமாற்றத்தை மூலதனமாக்கி வாணிபம் செய்வோரே நம் இரண்டாவது எதிரிகள். இவர்களிடம் மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை.

அயர்லாந்துக் கதைகளில் 'மாற்றுப் பிள்ளை' என்றொரு கொடுமை உண்டு. தேவதைகள் மனிதரைக் கவர்ந்துகொண்டு, அவர் உருவிலேயே தம்மில் ஒருவரைப் படுக்கையில் விட்டுச்செல்லும் என்பது நம்பிக்கை. 1895 மார்ச்சில் டிப்பரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண் நோயுற்றுப் படுத்தாள். "இவள் என் மனைவியே அல்லள், தேவதைகள் வைத்துச் சென்ற மாற்று உரு" என்று கணவன் பிதற்றினான். உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு பச்சிலைக் கஷாயத்தை வாயில் புகட்டினர். "நீ யார், சொல்" என்று மீண்டும் மீண்டும் மிரட்டினர். முடிவில் அவள் தீக்கிரையானாள். கணவனுக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பூவிதழில் துயிலும் தேவதையின் மறுபக்கம் இது. நம் பிள்ளைகளின் படப்புத்தகத்தில் இது அச்சாவதில்லை.

"அது எங்கோ நடந்தது" என்று பெருமூச்சு விட்டு நகர்ந்துவிட முடியுமா? 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர், ஓட வழியில்லை. 28 உயிர்கள் மாண்டன. அவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்திருப்பர். பெற்ற தாய்தந்தையரே அவர்களைக் கொண்டுவந்து விட்டிருப்பர். "பேய் பிடித்திருக்கிறது, ஜின் பிடித்திருக்கிறது, புனித ஸ்தலத்தில் இருந்தால் விலகும்" என்ற பேச்சே அவர்களை அங்கே கொண்டு சேர்த்தது. அங்கு அடங்கியிருக்கும் மகான் எவரையும் சங்கிலியில் கட்டச் சொன்னதுண்டா? சங்கிலியை வாங்கியவர்கள் மனிதர்கள். அதற்குக் கூலி பெற்றவர்களும் மனிதர்களே. நாட்டில் கண்டனம் எழுந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாதென்று வெளிப்படையாகவே தடை செய்துவிட்டது. ஆயினும் பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிய பெண்ணுக்கும், தேர்வுக்கு அஞ்சி உறங்காமல் பிதற்றும் இளைஞனுக்கும் தகடும் தாயத்தும் எழுதி விலை பேசுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்களே!

மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்வோர் மார்க்கத்தை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். சுலைமான் நபி (அலை) அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே உயிர் நீத்தார்கள். அவர்களுக்குப் பணிசெய்த ஜின்கள் அதை அறியாமலே உழைத்துக்கொண்டிருந்தன. கரையான் தடியை அரித்து, உடல் சாய்ந்த பின்னரே அவற்றுக்கு உண்மை தெரிந்தது. 34ஆம் அத்தியாயம் கூறும் வரலாறு இது. தம் கண்ணெதிரே நிகழ்ந்த மரணத்தையே அறியாத ஜின், உங்கள் மகளின் நோய்க்குக் காரணத்தையும், தொலைந்த நகையின் இருப்பிடத்தையும், பரிகாரத்துக்கு உரிய தொகையையும் ஒரு மனிதரின் காதில் வந்து ஓதுகிறதாம்! இதை நம்புவது ஈமானா, ஈமானுக்கு இழைக்கும் துரோகமா? துஆச் செய்வதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்தை நாடுங்கள் என்று கற்பித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்களே அல்லவா?

நம் முன்னோர் அதைச் செய்தும் காட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் மனச்சோர்வு நோயைப் பற்றி எழுதுமிடத்து, அது ஜின்னால் வருகிறதென்று சிலர் கூறுவதை எடுத்துக் காட்டுகிறார். ஜின்னால் வருகிறதா இல்லையா என்ற ஆராய்ச்சி மருத்துவனுக்கு வேண்டியதில்லை. எவ்வாறு வரினும் உடலின் தாதுவில் மாற்றம் நேர்ந்தே நோயாகிறது, அதற்கு மருத்துவம் செய்க என்பது அவர் கருத்து. எத்துணை நயமான விடை! 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையிலும், 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கு இடம் ஒதுக்கிப் பராமரித்தார்கள். அந்த முன்னோரின் வழித்தோன்றல்கள் ஏர்வாடியில் சங்கிலிக்குப் பூட்டுத் தேடியதை என்னென்பது?

நம் மண்ணின் கதை ஒன்றே இதற்குச் சாட்சி கூறும். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் எழுதிய 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல், யட்சி உலவுவதாக ஊரார் அஞ்சிய பஞ்சவன்காட்டில் தொடங்குகிறது. அங்கே வெட்டுண்டு குற்றுயிராகக் கிடந்த இளைஞனை வழியே வந்த பட்டாணிய முஸ்லிம் வணிகர்கள் கண்டெடுக்கிறார்கள். யட்சிக்குப் பரிகாரம் செய்யவில்லை அவர்கள். தூக்கிக்கொண்டு போய் மருத்துவம் செய்கிறார்கள். ஹகீமின் கைவண்ணத்தால் அவன் பிழைக்கிறான். நாவல்தான்; ஆனால் பேய்க்காட்டில் அகப்பட்டவனைக் கண்டால் ஒரு முஸ்லிம் செய்ய வேண்டியது இன்னதென்று பிறசமயத்து எழுத்தாளர் ஒருவர் அறிந்திருந்தார். நம்மவரோ மறந்துவிட்டனர். தேங்காய்ப்பட்டணத்து மண்ணில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் நூலாக வெளியிட்ட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில், மக்களின் அச்சத்தைக் காசாக்கும் தங்களையும், பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் பெருந்தனத்தையும் நம் முன் நிறுத்தினார். ஜின் கதை கேட்டு வளர்ந்த ஒருவரால்தான் அந்த ஏமாற்றை அவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது என்பதைக் கதையை ஒழிக்கத் துடிப்போர் கவனிக்கட்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? அயர்லாந்து மக்கள் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அந்நாட்டு அரசு 1935இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. 1937 முதல் 1939 வரை தொடக்கப்பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டது. பாட்டன் பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் கதை கேட்டு எழுதி வரவேண்டும். ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். சுமார் 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. சொன்னவர் பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. பிரிஜெட் கிளியரி எரிந்த அதே நாட்டில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தேவதைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் தெளிவு பிறந்தது. எழுதப்பட்ட கதையை நின்று பார்க்கலாம், ஒப்பிடலாம், சிரிக்கலாம், சிந்திக்கலாம். இருட்டில் முணுமுணுக்கப்படும் கதையே மனிதரைப் பிடித்து ஆட்டுகிறது.

நாஞ்சில் நாட்டில் அ. கா. பெருமாள் போன்ற அறிஞர்கள் வில்லுப்பாட்டுக் கதைகளைப் பல்லாண்டு அலைந்து தொகுத்திருக்கிறார்கள். நம் வீட்டு முற்றத்தில் நம் பெண்மணிகள் சொன்னவற்றை யார் தொகுப்பது? ஆகவே குமரி மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளையிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். உம்மும்மாவும் வாப்பும்மாவும் சொல்லும் ஜின் கதை, கப்பல் கதை, வலிமார் கதை, நீலி கதை அனைத்தையும் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். சொன்னவரின் ஊரும் வயதும் மேலே இருக்கட்டும். பரணில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைப் பழைய காகிதக்காரனுக்கு எடைபோடுமுன், படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மதரஸா ஆசிரியர்களும் இதற்குத் துணை நிற்கலாம். "இது திருமறை கூறுவது, இது ஊரார் கூறுவது" என்று கோடு கிழித்துக் காட்ட அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

அதே வீட்டில் ஒருவர் மனம் கலங்கிப் படுத்தால், குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று தயங்காதீர்கள். காய்ச்சலுக்குப் போகும் கால், மனநோய்க்கு ஏன் கூச வேண்டும்?

நீலியின் கதையில் கொலையைக் கண்டது ஒரு கள்ளிச் செடி மட்டுமே. வாயில்லாத அந்தச் செடியும் காலம் வந்தபோது சாட்சி சொல்லிற்று. ஏர்வாடியில் நடந்ததற்கு நாம் அனைவரும் சாட்சிகள். நமக்கு வாயும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது. கதைகளை ஏட்டில் ஏற்றுவோம். சங்கிலிகளைக் கொல்லனிடம் திருப்பி அனுப்புவோம்.